பிப்ரவரியில் ஊட்டியா, சார்?



போன வாரம் சிதம்பரம் மேலவீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். பழைய மாணவர் ஒருவர் வண்டியை ஓரம்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, "சார், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "அக்காவையும் வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு ரயில்ல ஊட்டி போறேம்ப்பா, பிப்ரவரியில."

"பிப்ரவரியில் ஊட்டியா, சார்? அப்ப சீசன் இல்லையே!"

வீட்டுக்கு வந்தால் குடும்பக் குழுவில் தம்பி மகளும் இதையே கேட்டிருக்கிறாள். "பெரியப்பா, மே மாசம் போனா ஃப்ளவர் ஷோ பார்க்கலாமே? கார் எடுத்துக்கிட்டு எல்லாரும் போகலாமே?" ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்லும் தெம்பு இல்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல, மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பேசியவன்தான் நான்.

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியிருக்கிறேன். "தமிழ்நாட்டின் கோடை வாழிடங்கள் யாவை?" என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. உதகை, கொடைக்கானல், ஏற்காடு என்று எழுதினால் முழு மதிப்பெண். யாருடைய கோடைக்கு, யார் அங்கே போய் வாழ்ந்தார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்று, பயணத்துக்குத் தேதி குறிக்க உட்கார்ந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. சீசன் என்றால் யாருடைய சீசன்?

கதையை நம்மூரிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலேயருக்கு இந்த வெயில் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, தென்னாட்டில் கம்பெனியின் தலைமையிடமே நம் கடலூருக்கு வந்துவிட்டது. 1752 வரை இங்கேதான் இருந்தது. கோட்டைக்குள் புழுக்கம் தாங்காமல் மஞ்சக்குப்பத்தில் தோட்டத்தோடு ஒரு வீடு வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் கலெக்டர் பங்களாவாக இருந்த அந்த 'கார்டன் ஹவுஸ்' உங்களில் பலருக்குத் தெரியும். ராபர்ட் கிளைவ் இருந்த வீடு என்று பாடத்தில் சொல்லியிருக்கிறேன். வெயிலுக்கு மருந்து கடற்காற்று என்பதுதான் அன்றைய நம்பிக்கை. மலை அவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

மலையில் ஆட்கள் இல்லாமல் இல்லை. தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் என்று தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆகவே "ஊட்டியைக் கண்டுபிடித்தவர்" என்று யாரையும் எழுதுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. 1818இல் கோயம்புத்தூர் கலெக்டரின் உதவியாளர்கள் விஷ், கின்டர்ஸ்லி என்ற இருவர் மேலே போய் வந்து, குளிர்ந்த நாடு ஒன்று இருக்கிறது என்று சொன்னார்கள். மறு வருஷம் கலெக்டர் ஜான் சல்லிவன் தானே ஏறிப் பார்த்தார். பார்த்தவருக்கு இறங்க மனம் வரவில்லை. தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, ஸ்டோன் ஹவுஸ் என்ற கல் வீட்டைக் கட்டினார். ஓடையை மறித்து, இன்று நாம் படகு விடும் ஏரியை வெட்டுவித்தார். உருளைக்கிழங்கு, கோஸ் எல்லாம் பயிரிட்டுப் பார்த்தார். அவருடைய மனைவியும் மகளும் 1838இல் அந்த மலையிலேயே இறந்தார்கள். புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அவர்கள் கல்லறை இருக்கிறது. நல்ல காற்றைத் தேடி ஏறியவர்களையும் மரணம் விட்டுவைக்கவில்லை.

ஆரம்பத்தில் ஊட்டி, உடம்பு சரியில்லாத சிப்பாய்களும் அதிகாரிகளும் தேறி வரும் ஆஸ்பத்திரி மாதிரியான இடம். 1834இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடல்நலத்துக்காக அங்கே தங்கியிருந்தார். அவரைப் பார்க்கச் சென்னையில் வந்து இறங்கினார் மெக்காலே. ஆமாம், பாடத்தில் வரும் அதே மெக்காலேதான், ஆங்கிலக் கல்வி மெக்காலே. சென்னையிலிருந்து ஆற்காடு, பெங்களூர், மைசூர் வழியாக ஏறத்தாழ 400 மைல். அவர் நடக்கவில்லை, குதிரையும் ஏறவில்லை. பல்லக்கில் படுத்துக்கொண்டு போனார். தோளுக்குத் தோள் மாற்றி மனிதர்கள் சுமந்தார்கள், அந்தச் செங்குத்தான மலை உட்பட. பிறகு அவர் எழுதிய 1835ஆம் ஆண்டுக் கல்விக் குறிப்பை நாம் இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறோம். சுமந்தவர்களைப் பற்றிப் பாடம் எதுவும் கிடையாது.

இப்படி ஆளாளுக்குப் போய்வந்தது 1870இல் அரசாங்க வழக்கமாக மாறியது. அந்த வருஷம் முதல், வெயில் ஏறியதும் சென்னை மாகாண ஆளுநரும் அவரோடு செயலகமும் ஊட்டிக்கு ஏறிவிடும். ஏப்ரல் வாக்கில் போனால் அக்டோபர் வாக்கில்தான் இறங்கும். கோப்புகள் பெட்டி பெட்டியாகப் போகும். குமாஸ்தாக்கள் போவார்கள், டவாலிகள் போவார்கள், சமையல்காரர்கள் போவார்கள். ஆளுநர் போனால் அவரைப் பார்க்க வேண்டிய ராஜாக்களும் ஜமீன்தார்களும் போகாமல் இருக்க முடியுமா? விருந்து, குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி எல்லாம் கூடவே வந்தன. கீழே வெயிலில் மக்கள் வாடும்போது மேலே குளுகுளு என்று ஆட்சி நடத்துவதா என்று அன்றைய நம் நாட்டுப் பத்திரிகைகள் கண்டித்துக்கொண்டே இருந்தன. யார் கேட்டார்கள்?

'சீசன்' என்று நாம் சொல்வது இதுதான், பிள்ளைகளே. பூ பூக்கும் பருவமோ, காய் காய்க்கும் பருவமோ அல்ல. மேலிடம் மேலே இருந்த மாதங்கள். அரசாங்கம் இறங்கிவிட்டால் 'ஆஃப் சீசன்', அவ்வளவுதான். மலைக்காரர்களுக்கு அவர்களுடைய பண்டிகைக் காலம் வேறு. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வருவது மார்கழிக் குளிரில். அவர்கள் ஊரே கூடும் அந்த நாட்களை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சீசன் என்று சொல்வதில்லை.

அரசாங்கமே வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும்போது பாதை நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? ரயில் கதை இங்கேதான் வருகிறது. மலைக்கு ரயில் போடலாம் என்ற பேச்சு 1854லேயே தொடங்கிவிட்டது. நாட்டில் முதல் பயணி ரயில் ஓடியது 1853இல் என்பதை நினைத்துப் பாருங்கள், மறு வருஷமே மலைக்கு ஆசை! ஆனால் நடக்கவில்லை. 1873இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் தண்டவாளம் வந்தது. அதற்கு மேல் மாட்டு வண்டியும் குதிரை டோங்காவும்தான். 1882இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரிக்கன்பாக் பல்சக்கர ரயில் திட்டம் ஒன்றைக் கொடுத்தார். அதற்காக ஆரம்பித்த கம்பெனிக்குப் பணம் சேரவில்லை. அடுத்து வந்த கம்பெனி வேலையைத் தொடங்கியது. 1891 ஆகஸ்டில் ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். மீதி மண்ணையும் பாறையையும் வெட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்கள். மூன்றே வருஷத்தில் அந்தக் கம்பெனியும் நொடித்துப் போனது. 1896இல் புதுக் கம்பெனி. ஒரு வழியாக 1899 ஜூனில் குன்னூர் வரைக்கும் ரயில் ஏறியது. 1903இல் அரசே அதை வாங்கிக்கொண்டது. 1908 அக்டோபரில் ஊட்டிக்கு வண்டி போய்ச் சேர்ந்தது. பேச்சு எழுந்து 54 வருஷம். என்னுடைய ஓய்வூதியக் கோப்பு நகர்ந்த வேகத்தைக் குறை சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இனி நம்மூர் ரயிலைப் பார்ப்போம். சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், மாயவரம் என்று தெற்கே போகும் பாதையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்டது 1870களின் பின்பாதியில். அதே ஆண்டுகளில்தான், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லாமல் ஜனங்கள் செத்த காலத்தில் தண்டவாளம் போடப்பட்டது. எங்கள் பாட்டி, பஞ்சம் என்ற சொல்லையே தாது வருஷம் என்றுதான் சொல்வாள். அவள் பார்த்ததில்லை, அவள் அம்மா பார்த்தது. செயலகம் ஊட்டிக்கு ஏறி இறங்கும் வழக்கம் தொடங்கி பத்து வருஷம்கூட ஆகாத நேரம் அது. இரண்டையும் நான் வேறு வேறு பாடமாக, வேறு வேறு மாதத்தில் நடத்தியிருக்கிறேன். ஒரே கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

1908இல் ஊட்டி ரயிலின் நிர்வாகம் அதே தென்னிந்திய ரயில்வே கைக்கு வந்தது. ஆக, கடலூர் ஓ.டி. ஸ்டேஷனும் ஊட்டி ஸ்டேஷனும் ஒரே கம்பெனிப் பிள்ளைகள். இன்றைக்குக் கடலூர் துறைமுகம் ஜங்ஷன் என்று பலகை போட்டிருக்கிறதே, அதுதான் ஓ.டி. திருப்பாதிரிப்புலியூர் என்.டி. என்னைப் போன்ற கிழங்கள் இன்னமும் அப்படித்தான் சொல்வோம்.

இன்னொரு உறவும் உண்டு. இரண்டும் மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரே ஒரு மீட்டர் அகலம். எங்கள் சின்ன வயதில் ராமேஸ்வரம் வண்டி சிதம்பரத்தைக் கடக்கும்போது அது ஆடுகிற ஆட்டம் ஒரு தனி ஆட்டம். எதிர் எதிர் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர்கள் முழங்கால் இடித்துக்கொள்ளும் பெட்டிகள். கண்ணில் கரித்தூள் விழும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு இறங்குவார்கள். 2006 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக விழுப்புரம், மயிலாடுதுறை வழியை மூடினார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் சிதம்பரத்துக்கு ரயிலே கிடையாது. ஸ்டேஷன் நடைமேடையில் ஆடு மேய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். 2010இல் வண்டி மறுபடி வந்தபோது பெட்டி அகலம், வேகம் அதிகம், எல்லாம் நல்லதுதான். ஆனால் நாங்கள் அறிந்த அந்தக் குறுகிய வண்டி போய்விட்டது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பாதையாக மாற்றிவிட்டார்கள். ஊட்டிப் பாதையை மாற்ற முடியாது. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. நான் சின்ன வயதில் ஏறிய அகலத்திலேயே மறுபடி ஏற வேண்டுமென்றால் எனக்கு ஊட்டி ஒன்றுதான் கதி. கார் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், தம்பி மகளே.

அந்த ரயில் எப்படி ஏறுகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். சாதாரண ரயில் சக்கரம் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. சரிவு அதிகமானால் வழுக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் சரிவு எவ்வளவு என்றால், பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஒரு அடி மேலே ஏற வேண்டும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ரம்பம் மாதிரி பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். இரண்டு பட்டைகளின் பல்லும் நேருக்கு நேர் இருக்காது, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம். நம்மூர்ப் பனையேறியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கை பிடியில் இருக்கும்போது கால் நகரும், கால் தளையில் நின்றதும் கை நகரும். எப்போதும் ஏதோ ஒரு பிடி இருக்கும். அதே சூட்சுமம்தான். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்த முறை இது.

எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். பெட்டி அறுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாதே! முன்புறம் பிரேக்காரர்கள் நின்று கொடி காட்டுவார்கள். ஒரு தடவை வேலை செய்த நீராவியை வீணாக்காமல் இன்னொரு சிலிண்டருக்கு அனுப்பி, அதைக் கொண்டு பல்சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். வடித்த கஞ்சியையும் வீணாக்காத குடும்பம்போல. இந்த எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை, 1914இலிருந்து 1952 வரை 17 வந்தன. பழசானதும் புதிதாகச் செய்து கொடுத்தது நம் திருச்சி பொன்மலைப் பணிமனை. 2021இல்கூட ஒரு புதிய நிலக்கரி எஞ்சினைச் செய்து அனுப்பினார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனைதான் 1920களின் கடைசியில் பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது. அதோடு இடம்பெயர்ந்த குடும்பங்கள் நம் சொந்தத்திலும் உண்டு.

46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பினால் ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். பஸ்ஸில் போனால் இதில் பாதி நேரம்கூட ஆகாது. கேத்தி ஸ்டேஷனைப் பார்த்ததும் என் தலைமுறைக்காரர்களுக்கு 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி ஞாபகம் வரும். பிள்ளைகளுக்கு ஷாருக் கான் ரயில் கூரைமேல் ஆடிய பாட்டு. அதுவும் இதே ரயில்தான்.

இப்போது, ஏன் பிப்ரவரி? ஜூலை, ஆகஸ்டும் கூட்டம் குறைந்த மாதங்கள்தானே என்று கேட்கலாம். அப்போது தென்மேற்குப் பருவமழை, மலை மூடிக்கிடக்கும். நவம்பர்? கூடவே கூடாது. கல்லாறு, குன்னூர் சரிவு கிழக்குப் பார்த்தது. நமக்கு மழை தரும் வடகிழக்குப் பருவமழைதான் அந்தச் சரிவையும் அடிக்கிறது. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும் மாதங்களில்தான் அங்கே பாறை உருண்டு தண்டவாளத்தில் விழும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மண் சரிந்து பல உயிர்கள் போயின. மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. தானே புயலில் ஒரே ராத்திரியில் பலாவையும் முந்திரியையும் இழந்த நமக்கு அதை விளக்கவே வேண்டாம். மழைக் காலத்தில் யாராவது மலை ரயிலுக்கு டிக்கெட் போட்டால், ரத்தாகும் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டு போடுங்கள்.

டிசம்பர் கடைசியும் ஜனவரித் தொடக்கமும் பள்ளி விடுமுறைக் கூட்டம். அதோடு ஆருத்ரா தரிசனத்தை விட்டுவிட்டு அக்கா எங்கும் வரமாட்டாள். பொங்கல் முடிந்து, பிப்ரவரி பிறந்துவிட்டால் வானம் துடைத்த மாதிரி இருக்கும். உறைபனியின் கடுமையும் குறைந்திருக்கும். பள்ளிகளில் பொதுத்தேர்வு ஆயத்தம் நடக்கும், அதனால் குடும்பங்கள் வராது. மாசி மகத்துக்குள் ஊர் திரும்பிவிடலாம். பூங்காவில் மே மாதத்துப் பூக்கள் இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். 75 வயது அக்காவுக்குப் பூவைவிட உட்கார ஒரு காலி பெஞ்சு முக்கியம்.

மே மாதத்தில் காரில் போனால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அடுத்த வருஷம் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். சரியான காரியம் என்றே நினைக்கிறேன். அந்த ஊர்க்காரர்களும் குடிதண்ணீர் குடிக்க வேண்டுமே. ஆனால் அது வண்டிகளுக்கான கட்டுப்பாடு. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

திட்டம் இதுதான், போக விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்திலிருந்து மயிலாடுதுறை. அங்கிருந்து மதியம் கிளம்பும் கோவை ஜனசதாப்தி, தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு வழியாக இரவு கோவை போய்ச் சேரும். வாரத்தில் ஒரு நாள் கிடையாது, பார்த்துப் போடுங்கள். கோவையிலிருந்து வாடகைக் கார் பிடித்து மேட்டுப்பாளையத்திலேயே இரவு தங்கல். காலை மலை ரயில். ஊட்டியில் இரண்டு ராத்திரி. மறுபடி மதியம் 2 மணி வண்டியில் இறக்கம், இரவு கோவையில் தங்கி, காலை அதே ஜனசதாப்தியில் திரும்பல். சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், நாங்கள் புளூ மவுண்டன் என்று சொன்ன நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏற்றி விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். மலை ரயிலில் இருக்கைகள் குறைவு. சீசன் இல்லாவிட்டாலும் முன்பதிவு திறந்த அன்றைக்கே போட்டுவிடுங்கள், இப்போதெல்லாம் 60 நாள் முன்புதான் திறக்கிறது. மூத்த குடிமக்கள் சலுகை 2020இல் கொரோனாவோடு போனது, திரும்பி வரவில்லை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு பதிவு ஆகிவிடும்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இந்தப் பதிவை எழுதியதற்கே அர்த்தமில்லை. 1967. அக்கா கடலூரில் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஊட்டிக்குச் சுற்றுலா என்று நோட்டீஸ் வந்தது. 20 ரூபாய். அப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். 20 ரூபாய் பெரிய தொகைதான், ஆனால் அதை அவர் காரணமாகச் சொல்லவில்லை. "சீசன்ல பெரிய மனுஷங்க போற எடம்மா அது. நமக்கு எதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. சுதந்திரம் வந்து 20 வருஷம் ஆகியிருந்தது, ஆளுநரின் கோப்புப் பெட்டிகள் ஏறி இறங்கிய காலம் முடிந்திருந்தது. ஆனால் அந்த மலை யாருக்கு என்பதில் எங்கள் அப்பா மனசில் எதுவும் மாறவில்லை.

அப்பா என்ன சொல்வாரோ என்று தெரியாமலே அக்கா எதிர்வீட்டு மாமியிடம் ஒரு நீல நிற ஸ்வெட்டரைக் கடன் வாங்கி வைத்திருந்தாள். நான் ஒன்பது வயதுப் பையன். அவள் அதை ஒரு நாள்கூடப் போடவில்லை. ஆனாலும் துவைத்து, நிழலில் காயவைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்த மடிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு அவள் படிக்கவில்லை. தையல் மெஷின் வாங்கினாள். நான் ஆசிரியர் பயிற்சி படித்த இரண்டு வருஷமும் விடுதிச் சாப்பாட்டுப் பணம் அந்தத் தையல் மெஷினிலிருந்துதான் வந்தது. வேலைக்கு வந்த பிறகு மாணவர்களைச் செஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் கூட்டிப் போனேன். அக்காவை ஊட்டிக்குக் கூட்டிப் போகத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

போன ஆடி மாதம் அவள் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். மலை ரயில் காட்டினார்கள். "அன்னிக்கு நம்ம ஸ்கூல் புள்ளைங்க இதுலதான் போயிருக்கும், இல்லடா தம்பி?" என்றாள். ஐம்பத்தெட்டு வருஷம் அவள் அதை மறக்கவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் தேதி பார்க்க உட்கார்ந்தேன். சீசனில் போகலாமா என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "அப்பா சொன்ன பெரிய மனுஷங்க எல்லாம் வந்துட்டுப் போகட்டும், கூட்டம் இல்லாதப்ப போவோம்" என்றாள்.

டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. முழங்கால் வலி இருக்கிறது, நெஞ்சு நன்றாக இருக்கிறது, மெதுவாகப் போய் வாருங்கள் என்றார். முன்பதிவு திறந்த அன்றைக்கு, காலை எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் செல்போனோடு உட்கார்ந்து மூன்று இருக்கை பிடித்துக் கொடுத்தான். அடுத்தது ஸ்வெட்டர். கடலூரில் ஸ்வெட்டர் விற்கும் கடை எது என்று யாருக்காவது தெரியுமா? மூன்று கடை ஏறி இறங்கினோம். நான்காவது கடைக்காரர் பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி, தூசி தட்டி, நாலைந்தைக் காட்டினார். மெரூன் எடுக்கச் சொன்னாள் என் மனைவி. அக்கா நீலம்தான் எடுத்தாள்.

கோவையில் வேலை பார்க்கும் மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ராத்திரி நேரத்தில் சாப்பாடு கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வராதீர்கள். அக்கா புளியோதரை கட்டப் போகிறாள், நாலு பேருக்கு மேல் இருக்கும்.